கத்தி விலகிய இடம்

கல்லூரிப் பேருந்து திருச்செங்கோட்டைத் தாண்டியதும் யாழினி தன் போனை யுவஸ்ரீயின் மடியில் போட்டாள்.

“குரூப்பு பாத்தியா புள்ள? கவின் ஒரு வீடியோ போட்டிருக்கான். இந்திக்காரங்க காலேஜு. ஆனா பொணத்துக் கையில தமிழு எழுதியிருக்குது!”

இருவரும் குமாரபாளையத்தை அடுத்த ஒரு பிசியோதெரபி கல்லூரியில் முதலாமாண்டு படித்தார்கள். அங்கே எலும்புக்கூடு உண்டு, பிரேதம் கிடையாது. வருடத்துக்கு நான்கு நாள் வேறொரு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அறுபது பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றால் பின்னால் நிற்பவளுக்குத் தெரிவது முன்னால் நிற்பவளின் சடைதான். ஆகவே பிள்ளைகள் எல்லோரும் உடற்கூறியலைப் போனில்தான் படித்தார்கள். எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருக்கும் எலும்புக்கூட்டை விரலால் தள்ளித் திருப்பிப் பார்த்தார்கள். இதயம் சுருங்கி விரிவதை வண்ணப் படமாகப் பார்த்தார்கள். தமிழில் நரம்புகளின் பெயரைப் பாட்டாகச் சொல்லித்தரும் ஒரு அக்காவின் சேனலைக் கேட்டபடி பேருந்தில் தூங்கினார்கள். இரண்டு வாரத்தில் முன்கைக்கு வாய்மொழித் தேர்வு. அதற்காகத்தான் கவின் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்திருந்தான்.

பதினோரு நிமிட வீடியோ. வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் ஓர் இடது கை, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. முகம் காட்டப்படவில்லை. மருந்தில் ஊறிய தோல் பழைய புளியின் நிறத்தில் இருந்தது. முன்கையின் நடுவில் பச்சை குத்திய வேல் ஒன்று. அதன் கீழே ‘சௌந்திரம்’ என்று நான்கு விரல் அகலத்துக்கு எழுத்துகள். கையுறை போட்ட ஒரு பெண்ணின் கை கத்தியோடு உள்ளே வந்தது.

“அந்தக் கோணல பாரு,” என்று யாழினி சிரித்தாள். “முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் நேர்கோடா வரோணும். இவ பாதியில ஊட்டு வழி மறந்தவளாட்டம் சுத்திப் போறா. நம்ம அமுதவல்லி மேடம் பாத்திருந்தா ரெக்கார்டு நோட்டத் தூக்கி வீசியிருப்பாங்க.”

உண்மைதான். கத்தி நேராக இறங்கி வந்தது. எழுத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றது. பிறகு வேல் படத்தையும் பெயரையும் சுற்றிக்கொண்டு, வாய்க்கால் ஒரு பாறையைச் சுற்றிப் போவதைப் போலப் போய், கீழே மறுபடியும் நேர்கோட்டில் சேர்ந்தது.

“யாரு இந்தச் சௌந்திரம்? லவ்வரா இருக்குமோ?”

“பொண்டாட்டியா இருக்கக் கூடாதா?” என்றாள் யுவஸ்ரீ.

“பொண்டாட்டி பேர எவன்டி பச்ச குத்துவான்? அதுக்குத்தான் ரேஷன் கார்டு இருக்குதே!”

முன்சீட்டுக்காரிகளும் சிரித்தார்கள். யுவஸ்ரீ சிரிக்கவில்லை. அவள் அந்தக் கையின் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாவது கணுவோடு முடிந்திருந்தது.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சங்ககிரி வரும்வரை கண்ணாடியில் அவள் கண்டது சாலையை அல்ல.

*

அவளுடைய அப்பா குழந்தைவேல் ரிக் லாரியில் வேலை செய்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரிகள் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கிளம்பினால் வடக்கே காடு மலையெல்லாம் சுற்றி ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பும். ஒருமுறை இரும்பு ராடு சரிந்து இடக்கைச் சுண்டுவிரலில் பாதி போயிற்று. இன்னொரு முறை ஆந்திரப் பக்கம் ஏதோ சந்தையில், தமிழ் எழுத்தை அவரே காகிதத்தில் எழுதிக் கொடுத்து, கையில் பச்சை குத்திக்கொண்டு வந்தார்.

யுவஸ்ரீயின் அம்மா சௌந்திரம் அன்று வாசலிலேயே வைத்துச் சண்டை பிடித்தாள். “எம் பேர ஊரு பாக்க எழுதிக்கிட்டு வந்திருக்கீங்களே, வெக்கமா இல்லீங்களா? நாளைக்குக் கலியாண ஊட்டுல எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது?” விருந்தாளி வந்தால் அவருக்கு முழுக்கைச் சட்டையை எடுத்து நீட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார்.

யுவஸ்ரீ ஐந்தாவது படிக்கும்போது, ஐப்பசி மாதத்தில் அவர் காணாமல் போனார். அது நடந்த விதம் இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். காட்டுக்குள் ரிக் நிற்கும்போது பதினைந்து நாள் போன் வராது. வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அவருக்குக் காய்ச்சல் கண்டதும், ஊருக்குப் போய்ப் படுத்துக்கொள் என்று கூட்டாளிகள் ரயிலுக்கு அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று அவர்கள் நினைத்தார்கள். ரிக்கில் இருக்கிறார் என்று வீட்டார் நினைத்தார்கள். இருபத்திரண்டு நாள் கழித்துத்தான் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டன. தாய்மாமன் கருப்பண்ணன் போட்டோவை எடுத்துக்கொண்டு மூன்று முறை வடக்கே போனார். எந்த ஊரில் இறங்கினார், எந்த ரயிலில் ஏறினார், யாருக்கும் தெரியவில்லை.

அதிலிருந்து எட்டரை வருடம். சௌந்திரம் அங்கன்வாடியில் சமையல் வேலை பார்த்து மகளை வளர்த்தாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. அமாவாசைக்கு ஊரார் காவிரிக்குப் போகையில் அவள் போக மாட்டாள். இருக்கிறவருக்கு எதற்கு எள்ளும் தண்ணீரும்? சிலர் அவளைச் சுமங்கலியாகவே கலியாணச் சீருக்கு அழைத்தார்கள். சிலர் அழைக்காமல் விட்டுவிட்டு, பிறகு பார்க்கும்போது வேறு பேச்சுப் பேசினார்கள். பக்கத்து வீட்டுச் சின்னாயி மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலிலிருந்து வந்து, தன் மருமகளுக்கும் முன்னால் சௌந்திரத்துக்குக் குங்குமம் கொடுத்தாள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. உலகத்தைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு சிட்டிகை குங்குமத்தால்தான் தாங்குகிறார்கள்.

*

யுவஸ்ரீ அந்த வீடியோவை மறுபடி பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். அன்று கல்லூரிச் சாப்பாட்டு நேரத்திலேயே பார்த்தாள். நூலகத்தில் பார்த்தாள். திரும்பி வரும் பேருந்தில், யாழினி தூங்கியதும், ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஏழாவது நிமிடத்தில் தோலை ஒதுக்கிவிட்டு, கையுறைக் கை ஒரு வெள்ளை நாரைப் பிடித்து இழுக்கும். மேசைமேல் கிடக்கும் மோதிர விரல் மெல்ல மடங்கும். விட்டால் நீளும். மறுபடி இழுத்தால் மறுபடி மடங்கும். வா என்று கூப்பிடுவது போல இருக்கும்.

வீட்டில் அம்மா தட்டு நீட்டும்போது அவளுடைய மணிக்கட்டில் அதே நார்கள் ஓடுவது தெரிந்தது. தன் கையை மடக்கினால் அப்பாவின் கை மடங்கியது. குளிக்கும்போதுகூடத் தன் இடக்கையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா தன் போனைத் துடைத்துக்கொண்டே, “முருகன் பாட்டு போட்டுக் குடு சாமி, எனக்கு கண்ணாடி இல்லாம தெரியல,” என்றாள். யுவஸ்ரீ வாங்கித் திறந்தாள். முதலில் ஒரு கோபுரம். அடுத்தது தக்காளித் தொக்கு. மூன்றாவதாக, சிறிய கட்டத்துக்குள், அந்தக் கை.

போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு புரிந்தது. அம்மாவுக்கு அந்தப் பழைய போனை வாங்கியபோது அவள் தன் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். இவள் இங்கே பார்க்கப் பார்க்க, அது அங்கே போய் நிற்கிறது.

கட்டத்தை அமுக்கி, வேண்டாம் என்று தள்ளினாள். மறுநாள் பாகம் இரண்டு வந்தது. அதையும் தள்ளினாள். வேறொரு சேனல் அதே வீடியோவிலிருந்து எடுத்துப் போட்ட படம் வந்தது. எந்தத் திசையில் துரத்தினாலும் அந்தக் கை சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. பார்ப்பதை நிறுத்தினால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவளால் நிறுத்த முடியவில்லை. எட்டரை வருடத்துக்குப் பிறகு அப்பா கிடைத்திருக்கிறார், பதினோரு நிமிடம்.

“எதுக்கு கண்ணு எம் போனையே நோண்டீட்டு இருக்கற?” என்று கேட்டாள் அம்மா.

“மெமரி ரொம்பிப் போச்சுங்கம்மா. அழிக்கறேன்.”

“அதுக்கும் வயசாயிருச்சாட்டம் இருக்குது,” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

*

அது வேறு யாராவதாக இருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டு அலமாரியிலிருந்து அப்பாவின் போட்டோவை எடுத்தாள். மல்லசமுத்திரம் தேரின்போது அவளைத் தோளில் வைத்து எடுத்தது. சட்டைக் கை மடித்திருந்தது. வேலின் அலகில், பச்சை குத்தியவன் கை தவறிய ஒரு சிறு புள்ளி. வீடியோவிலும் அந்தப் புள்ளி இருந்தது.

வீடியோவுக்குக் கீழே ஆசிரியையின் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்திருந்தார்கள். டாக்டர் சுனிதா சாகு. யுவஸ்ரீ தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். போட்டோவை இணைத்தாள். கடைசியில், ‘நான் புகார் செய்யவில்லை. நானும் உடற்கூறியல் படிக்கிறேன். இவர் என் அப்பாவா என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று எழுதி அனுப்பினாள்.

நான்காம் நாள் பதில் வந்தது. கல்லூரித் தோட்டத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தாள்.

‘அன்பு மகளே, உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதிவேடுகளைத் தேடினேன். உன் அப்பாதான். அந்த ஆண்டு அக்டோபர் பதினாறாம் தேதி ரயில் நிலையத்தில் நினைவில்லாமல் கிடந்தவரை ரயில்வே போலீசார் எங்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளைக்கு ஏறிய மலேரியா. பையோ போனோ அவரிடம் இல்லை. பத்தொன்பதாம் தேதி விடியற்காலையில் இறந்தார். வலி தெரிந்திருக்காது என்று ஒரு மருத்துவராக உனக்குச் சொல்ல முடியும். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துக் காத்திருந்து, யாரும் வராததால் சட்டப்படி எங்கள் துறைக்கு அனுப்பினார்கள்.

‘கத்தி ஏன் சுற்றிப் போகிறது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் ராம்லால் என்று ஓர் உதவியாளர். புது உடல் வந்தால் முதல் நாள் ஒரு ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். அந்த எழுத்தைப் படிக்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மேலே வேல் இருந்ததால் ராம்லால், இது இந்த மனிதரின் சாமி பேராக இருக்கும், இதன்மேல் கத்தி வைக்க வேண்டாம் என்றார். பாடத்துக்கு அது தவறான கீறல். இருந்தாலும் நான் சரி என்றேன். அந்தத் துண்டுத் தோலை நாங்கள் கடைசிவரை வெட்டவில்லை. படிப்பு முடிந்ததும் மாணவர்கள் சாமந்திப்பூ வாங்கிவந்து நிற்க, மருத்துவமனை மயானத்தில் அடக்கம் செய்தோம். இடம் குறித்து வைத்திருக்கிறோம்.

‘ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்க அந்த வீடியோவை ஏற்றினேன். உன் குடும்பத்தார் விரும்பினால் அந்த நிமிடமே எடுத்துவிடுகிறேன்.’

யுவஸ்ரீ அதை மூன்று முறை படித்தாள். பிறகு தாய்மாமனை அழைத்தாள். கருப்பண்ணன் அப்போது சேலம் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். அப்பாவை அந்த ரிக்கில் சேர்த்துவிட்டதே அவர்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லாரிக்குப் பின்னால் யாரோ கத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

“மாமா, கேக்கறீங்களா?”

“கேக்கறேன் சாமி.” மூக்கை உறிஞ்சினார். “அந்த டேசனுக்கு நான் போயிருக்கறேன். ரெண்டாவது தடவ. டீ குடிச்சேன் அங்க. டீ குடிச்சுப்போட்டு அடுத்த வண்டி ஏறிட்டேன்.”

லாரிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அக்காகிட்ட சொல்லிப்போடாத,” என்றார் பிறகு. “அவ காலைல எந்திரிக்கறதே மச்சான் வருவாருங்கற நெனப்புலதான். அந்த அம்மாவ வீடியோவ எடுக்கச் சொல்லிரு. நானும் நீயும் இத மனசுலயே வெச்சுக்கலாம்.”

யுவஸ்ரீக்கும் அதுவே சரியாகப் பட்டது. அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். மறுநாள் தேர்வு முடிந்ததும் பதில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

*

தேர்வில் அமுதவல்லி மேடம் அவளிடம் கேட்டது முன்கையின் உட்புறத் தசைகளைத்தான். யுவஸ்ரீ ஒன்றுவிடாமல் சொன்னாள். எது எங்கே தொடங்குகிறது, எந்த நரம்பு எதை இயக்குகிறது, எந்த நாரை இழுத்தால் எந்த விரல் மடங்கும், எல்லாம் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “எந்தப் புத்தகத்துல படிச்ச?” என்றார். அவள் வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சீக்கிரமே வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. கதவு திறந்திருந்தது. அம்மா அங்கன்வாடிச் சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். கண்ணாடி போட்டிருந்தாள்.

“பரீச்ச எழுதிட்டியா சாமி?”

“எழுதலீங்கம்மா, வாயில கேட்டாங்க. நல்லாச் சொன்னேன்.”

“அப்பச் செரி.” அம்மா போனைத் திருப்பிக் காட்டினாள். கட்டத்துக்குள் அந்தக் கை அசையாமல் இருந்தது. “பரீச்ச முடியட்டும்னுதான் பேசாம இருந்தேன். இது உங்கப்பா கை.”

யுவஸ்ரீயின் தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது.

“எப்பங்கம்மா பாத்தீங்க?”

“பத்துப் பன்னெண்டு நாளாச்சு. நீ அழிக்கறே, அது மறுக்கா வருது. நீ மறைக்கறயேன்னு நானும் பாக்காத மாதிரி இருந்தேன். எம் பேரு எனக்குப் படிக்கத் தெரியாதா? அந்த வெரலுக்கு மஞ்சப் பத்துப் போட்டவ நானு.”

“முழுசாப் பாத்தீங்களா?”

அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். “அமுக்கல.”

“ஏனுங்க?”

“அமுக்குனா ஓட ஆரம்பிச்சிருமல்ல. பக்கத்துல கத்தி வெச்சிருக்குது பாரு, இங்க, ஓரத்துல.” அவள் திரையைத் தொடாமல் விரலால் காட்டினாள். “நான் அமுக்காத வரைக்கும் அது கை மேல படாதுன்னு இருந்தேன். தெனமும் எடுத்துப் பாத்துட்டு வெச்சிருவேன். அங்கன்வாடில கொழந்தைகளுக்குச் சோறு போடும்போதும் நெனச்சுக்குவேன், இன்னும் வெட்டல, இன்னும் வெட்டலன்னு.”

யுவஸ்ரீ அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே கையை, இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் காவல் காத்திருக்கிறார்கள். ஒருத்தி ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ஒருத்தி ஓடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வெட்டிப் போட்டாங்களா சாமி?” என்றாள் அம்மா.

இனி மறைக்க எதுவும் இல்லை. யுவஸ்ரீ தன் போனில் இருந்த கடிதத்தைத் திறந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். ரயில் நிலையம், மூன்று நாள், பத்தொன்பதாம் தேதி, விடியற்காலை. வலி தெரிந்திருக்காது என்ற வரியை இரண்டு முறை சொன்னாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அம்மா கேட்டாள். சத்தம் வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. எட்டரை வருடமாக அடக்கி வைத்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது.

ராம்லால் சொன்ன இடம் வந்ததும் அம்மா நிமிர்ந்தாள்.

“என்னன்னு நெனச்சாங்களாம்?”

“சாமி பேருன்னுங்கம்மா. அதனால அந்த எழுத்து மேல கத்தி வெக்கவே இல்ல. சுத்திப் போயிட்டாங்க.”

“எம் பேரையா?”

“ஆமாங்க.”

அம்மாவின் முகத்தில் அழுகைக்கு நடுவே வேறு ஏதோ வந்து போனது. “அந்தப் பேருக்கு நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்,” என்றாள். “முழுக்கைச் சட்டைய மாட்டி மூடுனனே. முன்னப் பின்ன தெரியாத ஒருத்தரு ஊதுவத்தி வெச்சுக் கும்பிட்டிருக்காரு.”

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். “போடு,” என்றாள்.

“வேண்டாங்கம்மா.”

“போடு கண்ணு. நான் கூட இல்லாமத்தான் செத்தாரு. இதையாவது கூட இருந்து பாக்கறேன்.”

யுவஸ்ரீ அமுக்கினாள். கத்தி உள்ளே வந்தது. அம்மா அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்தி இறங்கி, நின்று, வேல் படத்தையும் பெயரையும் சுற்றிக்கொண்டு போனபோது அந்தப் பிடி தளர்ந்தது.

“இந்த வெள்ளையா ஓடறது என்ன? நரம்பா?”

“இல்லீங்க, அது தசைநாண். கயிறு மாதிரி. விரல மடக்கறது. நரம்பு இது, மஞ்சளா இருக்குது பாருங்க. சூடு, குளிரு, தொட்டது எல்லாத்தையும் இதுதான் மேல கொண்டுபோகும்.”

“அப்ப உன்னத் தூக்கும்போது மெத்து மெத்துன்னு இருக்கறான்னு சொல்வாரே, அது இது வழியாத்தான் போயிருக்கும்.”

“ஆமாங்கம்மா.”

“இந்தச் சதை?”

“இது உள்ளங்கையக் கீழ திருப்பறது. சப்பாத்தி தேய்க்கறப்ப, திருகாணி திருகறப்ப எல்லாம் இது வேல செய்யும்.”

“சப்பாத்தி!” என்றாள் அம்மா. “ரிக்குல பதினஞ்சு ஆளுக்குத் தேய்ப்பேன்னு பீத்திக்குவாரு. ஊட்டுல ஒரு நாளு தேய்ச்சதில்ல.” இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தது தப்போ என்று அம்மா ஒரு கணம் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

ஏழாவது நிமிடம் வந்தது. மோதிர விரல் மடங்கியது, நீண்டது, மடங்கியது. அம்மா மூச்சுவிடாமல் பார்த்தாள். தன்னை இத்தனை நாள் துரத்திய அந்த அசைவை யுவஸ்ரீயும் பார்த்தாள். ஒரு தசைநாணை இழுத்தால் ஒரு விரல் மடங்குகிறது என்பதை எங்கோ சில பிள்ளைகளுக்கு அப்பா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

வீடியோ முடிந்தது.

“இத எத்தன பேரு பாத்திருப்பாங்க?”

“நாப்பத்திரண்டாயிரம்னு போட்டிருக்குதுங்க. எல்லாம் என்னையாட்டம் படிக்கற புள்ளைக.” யுவஸ்ரீ தயங்கினாள். “வேண்டாம்னு சொன்னா ஒடனே எடுத்தர்றேன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. மாமாவும் எடுக்கச் சொன்னாரு.”

வெளியே சின்னாயி வீட்டு ஆடு கத்தியது. தொடுவானத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“எட்டு வருசமா ஒரே நெனப்புத்தான் எனக்கு,” என்றாள் அம்மா. “எங்கயாவது தனியாக் கெடந்து, ஏன்னு கேக்க நாதியில்லாமப் போயிருப்பாரோன்னு. அத யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா நெசமாயிருமாட்டம் இருந்துச்சு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இருக்கட்டும். எடுக்க வேண்டாம். கருப்பண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன். பத்தொன்பதாந்தேதி என்ன திதின்னு பாக்கச் சொல்லி, இந்த வருசம் நாம மூணு பேரும் ஆத்துக்குப் போலாம்.”

“பொட்டு…” என்று தொடங்கிய யுவஸ்ரீ நிறுத்திக்கொண்டாள்.

“பொட்ட நான் வெச்சுக்கறேன். ஊருல என்ன வேணாலும் சொல்லட்டும். அவரு கூட்டாளி ஒருத்தரு சாமி பேருன்னு கும்பிட்ட பேரு. அந்தப் பேருக்காரி வெறும் நெத்தியோட நிக்கக் கூடாது.”

ராம்லாலை அவள் அப்பாவின் கூட்டாளி என்று சொன்னதை யுவஸ்ரீ திருத்தவில்லை.

“சரி, அந்த டாக்டரம்மாவுக்கு எழுது,” என்று அம்மா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “அவரு பேரு, ஊரு, ரிக்கு வேல செஞ்சவருன்னு அந்த வீடியோவுக்குக் கீழ போடச் சொல்லு. படிக்கற புள்ளைக்கு யாரு சொல்லித்தர்றாங்கன்னு தெரியோணுமல்ல. ஊதுவத்தி வெச்ச அந்த அண்ணனுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்னு எழுது. அவரு புள்ளைக நல்லா இருக்கோணும்னு எழுது.”

யுவஸ்ரீ எழுதினாள். கும்பிடுவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை அழித்து எழுதினாள்.

“அப்பறம், கத்தி புடிச்சிருந்த புள்ள.”

“அது யாருன்னு தெரியலீங்கம்மா. அந்த வருசம் படிச்ச புள்ளையா இருக்கும்.”

“யாரா இருந்தா என்ன. எழுத்துப் பக்கத்துல வந்ததும் அவ கை நடுங்குச்சு, நீ கவனிச்சியா? சின்னப் புள்ளையாத்தான் இருப்பா. நாளைக்கு நீயும் அங்க போய் நிக்கோணும்.” அம்மா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “பயப்பட வேண்டாம்னு அந்தப் புள்ளைக்கு எழுது. ஊட்டுல யாருக்கும் கோபமில்லன்னு எழுது.”